லண்டனிலிருந்து பாரிஸ்: 344 கிலோமீட்டருக்கு நான்கு வழி

"லண்டனிலிருந்து பாரிஸ் எத்தனை கிலோமீட்டர், பிளேனில் எவ்வளவு நேரம்?" இந்தக் கேள்வி வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை என்னிடம் வந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் தேர் நெருங்கும்போது கட்டாயம் வரும். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் பக்கமிருந்து யாருடைய கல்யாண அழைப்பாவது வந்தாலும் வரும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் விமானச் சீட்டின் விலையை ஏற்கனவே போனில் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். நான் "ஒரு மணி நேரம்" என்று சொன்னால் அடுத்த நொடியே வாங்கிவிடுவார்கள்.

சரி, முதலில் கேட்டதற்குப் பதில். நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 344 கிலோமீட்டர். ஹீத்ரோவிலிருந்து பாரிஸின் சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்துக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். காரில் போனால் 460 கிலோமீட்டர் அளவில் வரும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதை 490 சொச்சம்.

விமானச் சீட்டில் போட்டிருக்கும் நேரம் 1 மணி 15 நிமிடம் முதல் 1 மணி 25 நிமிடம் வரை. அதில் உண்மையில் வானத்தில் இருப்பது முக்கால் மணி, மிஞ்சிப்போனால் ஐம்பது நிமிடம். ஒரு ஜெட் மணிக்கு 800 கிலோமீட்டர் போகுமே, அப்படியானால் 26 நிமிடம்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போடலாம். ஆனால் இது ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்க வேண்டிய தூரம். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே. மிச்சமெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கியபின் வாசலுக்கு ஊர்ந்து வருவதும், தாமதமானால் சமாளிக்க நிறுவனங்கள் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நிமிடங்களும்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பாரிஸ் நேரம் லண்டனைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. காலை 10:00-க்குப் புறப்பட்டு 12:20-க்குப் போய்ச் சேரும் என்று சீட்டில் இருந்தால், பயணம் 1 மணி 20 நிமிடம். திரும்பி வரும்போது 10:00-க்குப் புறப்பட்டு 10:20-க்கு வந்துவிடும். "வரும்போது இருபது நிமிஷம்தானாம்" என்று உறவுக்காரர் ஒருவர் என்னிடம் ஆச்சரியப்பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எதை வைத்து ஒப்பிடுவது

விமான நேரத்தை மட்டும் பார்த்தால் முடிவு தப்பாகத்தான் போகும். நான் பார்ப்பது இவற்றை: உங்கள் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து போகும் வீட்டு மணியை அடிக்கும்வரை எவ்வளவு நேரம், சீட்டு விலைக்கு மேல் என்னென்ன சேரும், எத்தனை பைகள், கடவுச்சீட்டு எங்கே பார்க்கப்படும், ஏதாவது பிசகினால் என்ன ஆகும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. லண்டனில் நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள், பாரிஸில் எந்தப் பக்கம் போகிறீர்கள்? லண்டன் ஒரு ஊர் இல்லை. கிழக்கே ஈஸ்ட்ஹாமில் இருப்பவருக்கும் மேற்கே சவுத்தாலில் இருப்பவருக்கும் இது வேறு வேறு பயணம்.

கீழே உள்ள நேரங்கள் ஈஸ்ட்ஹாமிலிருந்து பாரிஸின் வடக்குப் புறநகரான லா கூர்நெவ் போகிறவருக்கு நான் போட்ட கணக்கு. உங்கள் கணக்கில் அரை மணி முன்பின் ஆகலாம்.

| வழி | வண்டிக்குள் இருக்கும் நேரம் | வாசலுக்கு வாசல் | சீட்டு விலைக்கு மேல் சேர்வது | பைகள் |
|---|---|---|---|---|
| ரயில் | சுமார் 2 மணி 20 நிமிடம் | 4¾ மணி | அநேகமாக ஒன்றுமில்லை | இரண்டு பெரிய பை, ஒரு கைப்பை. எடைக் கணக்கு இல்லை |
| விமானம் | சுமார் 1 மணி 20 நிமிடம் | 6 மணி | பைக் கட்டணம், இரு பக்கமும் விமான நிலையப் போக்குவரத்து | வாங்கிய சீட்டைப் பொறுத்தது |
| கோச் (நெடுந்தூரப் பேருந்து) | 8 முதல் 9½ மணி | 11 மணி | ஒரு நாளோ ஓர் இரவோ | தாராளம் |
| கார் | ஓட்டம் 4½ மணி, கடக்க 35 அல்லது 90 நிமிடம் | 6½ முதல் 7½ மணி | சாலைச் சுங்கம், பெட்ரோல், பார்க்கிங் | டிக்கி கொள்ளுமட்டும் |

ரயில்

யூரோஸ்டார் லண்டன் செயின்ட் பாங்க்ராஸில் புறப்பட்டு பாரிஸ் கார் து நோரில் நிற்கிறது. பிரான்ஸ் பக்கம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போகும் சுரங்கத்துக்குள் 160-ஆகக் குறையும். சுரங்கத்தின் மொத்த நீளம் 50 கிலோமீட்டர் சொச்சம், அதில் 38 கடலுக்கு அடியில். 1994 மே 6-ஆம் தேதி எலிசபெத் ராணியும் பிரெஞ்சு அதிபர் மித்தராங்கும் திறந்து வைத்த இந்தச் சுரங்கத்தைக் கடக்க இருபது நிமிடம்தான். ஜன்னல் இருட்டாக இருப்பதைத் தவிர உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. முதல் தடவை வரும் அம்மாக்கள் மீன் தெரியுமா என்று எட்டிப் பார்ப்பார்கள், பாவம்.

தமிழர்கள் இருக்கும் இடங்களை வைத்துப் பார்த்தால் செயின்ட் பாங்க்ராஸ் அமைந்த இடம் ஒரு அதிர்ஷ்டம். ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன், ஹாரோவிலிருந்தும் வெம்ப்ளி பார்க்கிலிருந்தும் மெட்ரோபாலிட்டன் லைன், டூட்டிங்கிலிருந்து பாங்க் வழியாகப் போகும் நார்தர்ன் லைன், கிராய்டனிலிருந்து தேம்ஸ்லிங்க். எல்லாமே மாறி ஏறாமல் செயின்ட் பாங்க்ராஸ் வாசலுக்கே வரும். அந்தப் பக்கம் கார் து நோரில் இறங்கினால் லா சப்பல் கடைத்தெரு நடை தூரம். லா கூர்நெவுக்கு ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. கார்ஜ், சார்செல் பக்கம் போகிறவர்களுக்கு அதே நிலையத்தில் ஆர்.இ.ஆர். டி.

குறை என்ன? விலை. சீக்கிரம் எடுத்தால் ஒரு வழிக்கு 40, 50 பவுண்டுக்குக் கிடைக்கும். அதே இருக்கை கடைசி வாரத்தில் 200-ஐத் தாண்டும். தேர் வருவது ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில். இங்கிலாந்தின் ஆகஸ்ட் கடைசித் திங்கள் விடுமுறையும் அதை ஒட்டியே வருவதால், ஜூலையில் யோசிக்கத் தொடங்கியவருக்கு மலிவான சீட்டு மிஞ்சியிருக்காது. அப்புறம், பஸ் மாதிரி ஓடிப்போய் ஏறிவிட முடியாது. புறப்பட அரை மணிக்கு முன்பே வாசல் மூடிவிடும். ஒரு மணி ஒன்றேகால் மணி முன்னால் போவது நல்லது. என் கணக்கில் 75 நிமிடம் போட்டிருக்கிறேன்.

லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் நஷ்டம். ஆஷ்ஃபர்ட், எப்ஸ்ஃப்ளீட் நிலையங்களில் 2020-இல் நிறுத்திய யூரோஸ்டார் பிறகு திரும்ப வரவில்லை. சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே லண்டனுக்குள் வந்து ஏற வேண்டியிருக்கிறது.

சின்னக் குழந்தை இருந்தால் ஒன்று கவனியுங்கள். ரயிலில் நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை மடியில் இருந்தால் சீட்டு வேண்டாம். விமானத்தில் அந்த வயது இரண்டுதான். ரயிலில் குடிக்கிற தண்ணீர், கஞ்சிப் போத்தல் எதையும் 100 மில்லி கணக்குப் பார்த்துக் கொட்டச் சொல்ல மாட்டார்கள்.

விமானம்

ஹீத்ரோவிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏர் பிரான்ஸும், லூட்டனிலிருந்தும் காட்விக்கிலிருந்தும் ஈஸிஜெட்டும் சார்ல்ஸ் து கோலுக்குப் பறக்கின்றன. திரையில் 30 பவுண்டு என்று காட்டும். அதை அப்படியே நம்பாமல் கூட்டிப் பாருங்கள். மலிவுச் சீட்டில் இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டும்தான் இலவசம். கல்யாணத்துக்குப் போகிறவர் சேலையை எதில் கொண்டுபோவது? பெரிய பைக்கு வேறு காசு, அதுவும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. ஒரு மலிவு விமானத்தில் என் பை இரண்டு விரல் பெரிதென்று ஏறும் வாசலில் நிறுத்தி, சீட்டு விலையைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். அன்று நான் இழுத்துக்கொண்டு போனது சித்திக்கு மிளகாய்த்தூள்.

விமான நிலையத்துக்குப் போகும் செலவையும் சேருங்கள். சார்ல்ஸ் து கோல் பாரிஸுக்கு வடகிழக்கே 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்கு வரும் ஆர்.இ.ஆர். சீட்டு 2025-இல் 13 யூரோவாக இருந்தது. நான்கு பேர் என்றால் அப்போதே 52. லூட்டனுக்கோ காட்விக்குக்கோ ரயிலில் போவதும் சும்மா இல்லை. இதெல்லாம் கூட்டி முடித்தபின் 30 பவுண்டுச் சீட்டு 90-இல் வந்து நிற்பது சாதாரணம்.

ஆனாலும் விமானத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். சவுத்தால், ஹேய்ஸ், ஹவுன்ஸ்லோ பக்கம் இருப்பவருக்கு ஹீத்ரோ கூப்பிடு தூரம். சவுத்தாலிலிருந்து எலிசபெத் லைனில் கால் மணிதான். அந்தப் பக்கம் பாரிஸின் வடகிழக்குப் புறநகர்களான ஓல்னே, டிரான்சி, லெ பூர்ஜே வீடுகளுக்கு விமான நிலையமே கார் து நோரைவிடத் தள்ளியில்லை, ஆர்.இ.ஆர். பி அந்த ஊர்கள் வழியாகத்தான் நகரத்துக்கே போகிறது. சவுத்தாலிலிருந்து ஓல்னே போகிறவருக்குக் கணக்குப் போட்டால், விமானம் ஐந்து மணிக்குச் சற்றுக் கூடுதலாகவும் ரயில் ஐந்து மணிக்குப் பக்கமாகவும் வரும். கைப்பை மட்டும் கொண்டுபோய், ஒன்றரை மணி முன்னால் போகும் துணிச்சலும் இருந்தால் இரண்டும் சமம். அப்போது விலை எதில் குறைவோ அதில் போங்கள். கிராய்டன்காரர்களுக்கும் காட்விக் அப்படித்தான், ரயிலில் இருபது நிமிடத்துக்குள்.

இந்த வான்வழிக்கு ஒரு பழங்கதையும் உண்டு. 1919 ஆகஸ்ட் 25-இல் லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே தினசரி விமான சேவை தொடங்கியபோது, விமானம் கிளம்பியது ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானத்திலிருந்து, இறங்கியது லெ பூர்ஜேயில். நேரம் சுமார் இரண்டரை மணி. இன்று ரயில் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு லெ பூர்ஜேயில் அக்கா வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன. அவர்களுக்குத்தான் அந்த சேவை இன்று வேண்டும்.

விமானம் தெளிவாக வெல்லும் இடம் ஒன்று உண்டு. பாரிஸில் இறங்கி அதே விமான நிலையத்திலிருந்து வேறு நாட்டுக்கு ஏற வேண்டியிருந்தால் பேச்சே இல்லை, ஒரே சீட்டாக எடுத்துவிடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை.

கோச்

விக்டோரியா கோச் நிலையத்திலிருந்து பாரிஸ் பெர்சி வரை. மற்ற மூன்றும் ஐந்து மடங்கு விலையில் இருக்கும் நாளில்கூட இதில் 30, 40 பவுண்டுக்கு இடம் கிடைக்கும். மாணவர்கள் இரவு கோச்சில் ஏறி, ஒரு இரவு ஹோட்டல் காசையும் மிச்சம் பிடிப்பார்கள். ஆனால் இரவு முழுக்கத் தூங்கலாம் என்று நினைக்க வேண்டாம். நடுராத்திரியில் இங்கிலாந்துக் கரையில் டோவரிலோ ஃபோக்ஸ்டனிலோ எல்லோரையும் இறக்கி, வரிசையில் நிறுத்தி, கடவுச்சீட்டுப் பார்த்து மறுபடி ஏற்றுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களை இதில் அனுப்பாதீர்கள். பெர்சி நகரத்தின் தென்கிழக்கு மூலை, லா சப்பலுக்கு அங்கிருந்து மெட்ரோவில் இன்னொரு பயணம் இருக்கிறது.

கார்

தனியாளுக்கு இது வீண். நான்கைந்து பேர் என்றால் நிலைமையே மாறிவிடும், ஏனென்றால் ஃபோக்ஸ்டனில் சுரங்க ரயிலிலோ டோவரில் கப்பலிலோ பெரும்பாலும் வண்டிக்குத்தான் விலை, தலைக்கு இல்லை. சுரங்க ரயிலில் காரோடு பிரான்ஸ் கரையில் உள்ள கலே போய்ச்சேர 35 நிமிடம், கப்பலில் ஒன்றரை மணி. கப்பல் பெரும்பாலும் மலிவு, கால் நீட்டிச் சாப்பிடலாம், அலை இருந்தால் சாப்பிட்டது நிற்காது. கலேயிலிருந்து பாரிஸ் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். நெடுஞ்சாலைச் சுங்கம் ஒரு வழிக்கு 20 யூரோவுக்கு மேல் வரும்.

பிரான்ஸில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது தெரியும். எச்சரிக்கை முக்கோணமும் பளிச்சிடும் மேலங்கியும் வண்டிக்குள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் வண்டியின் பின்னால் பழைய ஜி.பி. நாட்டு ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது, யு.கே. என்று இருக்க வேண்டும். பாரிஸ் நகரத்துக்குள் போய் லா சப்பலில் பார்க்கிங் தேடுவது ஒரு தண்டனை. புறநகரில் உறவினர் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு ஆர்.இ.ஆர்.-இல் போய்விடுங்கள். கல்யாணச் சாமான், மணவறை அலங்காரம், பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகள் என்று கிளம்புகிறவர்களுக்குக் காரைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கடவுச்சீட்டு

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் பாருங்கள். இங்கிலாந்தில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும், இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பிரான்ஸ் போக ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது) விசா வேண்டும். பிரெஞ்சு வதிவிட அட்டை இருக்கிறதே என்று பாரிஸிலிருந்து கிளம்புகிறவருக்கும் இங்கிலாந்து விசா தனியாக வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள் 2021 அக்டோபர் முதல் வெறும் அடையாள அட்டையில் வர முடியாது, கடவுச்சீட்டுத் தேவை. 2025 ஏப்ரல் 2 முதல் அவர்களும் முன்கூட்டியே மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும்.

இங்கே ரயிலுக்கும் விமானத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம். செயின்ட் பாங்க்ராஸில் பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் லண்டனிலேயே உட்கார்ந்து கடவுச்சீட்டுச் சோதனையை முடித்துவிடுகிறார்கள். பாரிஸில் இறங்கினால் நேரே தெருவுக்குப் போகலாம். விமானத்தில் அந்த வரிசை பாரிஸில் இறங்கியபின் நிற்கிறது, நான்கு விமானங்கள் சேர்ந்து இறங்கிவிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். 2025 அக்டோபர் 12-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நுழைவுப் பதிவு முறை தொடங்கியது. அதன்படி பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்களிடமும் முதல் தடவை முகப் படமும் விரல் ரேகையும் எடுக்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விரல் ரேகை கிடையாது. முதல் தடவை போகும் குடும்பம் இதற்கென்று கொஞ்ச நேரம் கூட்டிக்கொள்ளட்டும்.

பிசகினால்

"ரயில் நம்பிக்கையானது" என்று கண்ணை மூடிச் சொல்ல மாட்டேன். 2025 மார்ச் மாதம் ஒன்றே போதும். 7-ஆம் தேதி கார் து நோருக்குப் போகும் பாதையருகே இரண்டாம் உலகப் போர்க் குண்டு ஒன்று கிடைத்து, அன்று யூரோஸ்டார் உட்பட எல்லாம் நின்றது. 21-ஆம் தேதி ஹேய்ஸில் மின் துணை நிலையம் தீப்பிடித்து ஹீத்ரோவையே மூடினார்கள்.

வித்தியாசம் பிறகுதான் தெரியும். விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, தவறு நிறுவனத்தினுடையதாக இருந்தால் இந்தத் தூரத்துக்கு 250 யூரோ, பிரிட்டிஷ் சட்டப்படியானால் 220 பவுண்டு கேட்கலாம். சீட்டு 30 பவுண்டாக இருந்தாலும் அவ்வளவு. ரயிலில் இழப்பீடு சீட்டு விலையின் ஒரு பங்குதான். ஆனால் ரயில் அரை மணி, முக்கால் மணி பிந்தினால் பிந்தியதோடு முடிந்துவிடும். விமானத்தில் அதே முக்கால் மணி, பை வரும் நேரம், கடைசி ஆர்.இ.ஆர். என்று இழுத்துக்கொண்டே போகும்.

அப்படியானால் யார் எதில்?

லண்டனின் கிழக்கு, வடக்கு, வடமேற்கில் இருந்து லா சப்பல் பக்கம் போகிறவர் ஆறு வாரம் முன்னால் திட்டமிட முடிந்தால் ரயில். யோசிக்கவே வேண்டாம். மேற்கில் இருந்து கைப்பையோடு ஓல்னே, டிரான்சி போகிறவர், அல்லது ரயில் விலை ஏறிப்போன வாரத்தில் மாட்டிக்கொண்டவர், விமான விலையைக் கூட்டிப் பார்த்து எடுக்கலாம். நான்கு பேருக்கு மேல் சாமானோடு என்றால் கார். மாணவர் என்றால் கோச், திரும்பும்போது முடிந்தால் ரயில்.

சாப்பாட்டு மூட்டை கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இங்கிலாந்திலிருந்து பிரான்ஸுக்கு இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக அனுமதி இல்லை. ஆட்டுக்கறி, பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். 2025 ஏப்ரல் 12 முதல் அங்கிருந்து இங்கே கொண்டுவரவும் தடை வந்தது, கால்நடைக் கோமாரி நோய் காரணமாக. மீன் 20 கிலோ வரை போகலாம், ஆகவே சட்டப்படி கருவாடு தப்பித்துவிடும், பக்கத்து இருக்கைக்காரர்தான் தப்ப முடியாது. பழம், காய்கறிக்குச் சான்றிதழ் வேண்டும், ஆனால் ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, வாழை, தேங்காய், டுரியான், பேரீச்சை. தேருக்கு உடைக்கத் தேங்காய் கொண்டுபோகலாம் என்று அர்த்தம். அதை ஏன் லண்டனிலிருந்து சுமக்கிறீர்கள், லா சப்பலில் கோயிலுக்குப் பக்கத்திலேயே விற்கிறார்கள்.